காவிரிப் படுகையில் வாசலுக்கு ஒரு பூமரம்: விதையா, போத்தா, விண்பதியனா, வாங்கிய கன்றா?

தெருமுனை மரமல்லியோ கோயில் பிராகாரத்து மகிழமோ மனதுக்குப் பிடித்துப்போய், அதையே தன் வீட்டிலும் வைக்க நினைப்பவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். விதை பொறுக்கிப் போடுவதா, கிளையை வெட்டி வந்து குச்சியாகவோ பருத்த போத்தாகவோ ஊன்றுவதா, கிளையின் பட்டையை உரித்து மரத்திலேயே விண்பதியன் கட்டி வேர் வந்ததும் இறக்குவதா, பேசாமல் நர்சரியில் ஒரு கன்று வாங்கிவிடுவதா?

நான்குமே நடக்கிற வழிதான். ஆனால் எல்லா மரத்துக்கும் எல்லா வழியும் ஒத்துவராது. கும்பகோணத்து வண்டலில் தானாக வருகிற ஒன்று, வேதாரண்யத்து உப்பு மணலில் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் வராது. அதனால் வழியைப் பார்க்கும் முன் எதை வைத்து எடைபோடுவது என்று தெளிவாக இருக்க வேண்டும்.

## எடைபோட வேண்டியவை

முதலில் வேர். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது மரங்கள் எப்படி விழுந்தன என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. விதையில் பிறந்த மரத்துக்கு ஆணிவேர் உண்டு. கிளையிலிருந்தும் பதியனிலிருந்தும் வந்த மரத்துக்கு அது கிடையாது; பக்கவேர்களே எல்லாம். நிலத்தடி நீர் மேலாகவே நிற்கும் வயலோர வீடுகளில் ஆணிவேரும் ஓரளவுக்கு மேல் இறங்காது என்பது உண்மைதான். அப்படிப்பட்ட இடத்தில் வேர் நான்கு பக்கமும் பரவியிருக்கிறதா என்பதுதான் மரத்தை நிறுத்தும். 30, 40 அடி உயரப்போகும் மரத்தை வீட்டுப் பக்கத்தில் வைப்பவர் பூவைப் பற்றி யோசிக்கும் முன் வேரைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அடுத்தது தாய்மரத்தின் குணம். உங்களுக்குப் பிடித்த அந்த மரத்தின் அதே நிறம், அதே மணம் வேண்டுமென்றால் கிளை, பதியன், ஒட்டு (வேறொரு அடிச்செடியில் தாய்மரத்துக் கிளையைப் பொருத்துவது) ஆகிய மூன்றுதான் அதைத் தரும். விதையில் வரும் கன்று தன் போக்கில் வரும். சரக்கொன்றைக்கு இது பெரிய விஷயமில்லை, மஞ்சள் மஞ்சள்தான். செண்பகத்துக்கும் ஈழத்து அலரிக்கும் இது பெரிய விஷயம்.

மூன்றாவது காலம். முதல் பூவுக்கு எத்தனை ஆண்டு காத்திருக்க முடியும்?

நான்காவது தண்ணீரும் மண்ணும். கடலோர ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு இருந்தால் நாற்றுப் பையின் மேல்மண்ணில் வெள்ளை படியும், இளம் இலையின் ஓரம் கருகும். வளர்ந்த மரம் தாங்கும் உப்பை, முளைக்கும் விதையும் வேர்விடும் குச்சியும் தாங்காது. அந்த மூன்று நான்கு மாதத்துக்காவது மழைநீரோ வாய்க்கால் நீரோ கிடைக்குமா என்று பாருங்கள்.

| | விதை | குச்சி, போத்து | விண்பதியன் | ஒட்டு அல்லது வாங்கிய கன்று |
|---|---|---|---|---|
| வேர் | ஆணிவேர் உண்டு, பையில் சுருளாத வரை | பக்கவேர் மட்டும், சில சமயம் ஒரே பக்கம் | பக்கவேர், சுற்றிலும் | பையைத் திறந்து பார்த்தால்தான் தெரியும் |
| தாயின் குணம் | உறுதியில்லை | அப்படியே வரும் | அப்படியே வரும் | ஒட்டில் வரும், விதைக் கன்றில் உறுதியில்லை |
| முதல் பூ | 4 முதல் 8 ஆண்டு, சிலதில் அதற்கும் மேல் | 1 முதல் 3 ஆண்டு | 1 முதல் 3 ஆண்டு | ஒட்டு 1 முதல் 3 ஆண்டு |
| கைச்செலவு | ஏறக்குறைய இல்லை | குறைவு | குறைவு, ஆனால் கைப்பழக்கம் வேண்டும் | அதிகம் |
| மறைந்திருக்கும் செலவு | 6 மாதத் தினசரி நீர், பாதி நாற்று இழப்பு | தழைத்த பிறகும் காய்ந்துபோவது | தாய்மரத்தில் ஒரு நல்ல கிளை | சுருண்ட வேர், பல ஆண்டு கழித்துத் தெரியும் |
| ஏற்ற மரங்கள் | கொன்றை, குல்மோகர், புன்னை, மகிழம் | பூவரசு, ஈழத்து அலரி | செண்பகம், காய்க்காத மந்தாரை | செண்பகம் |

## விதை: பொறுமை உள்ளவருக்கும், பெரிய மரம் வைப்பவருக்கும்

‘விதை போட்டேன், முளைக்கவில்லை’ என்பதற்குப் பெரும்பாலும் விதை காரணமில்லை. அந்த விதையின் வகை தெரியாமல் போட்டதுதான் காரணம்.

சரக்கொன்றையைப் பாருங்கள். கறுத்து முற்றிய நீளக் காயை உடைத்தால் உள்ளே காசு அடுக்கியது போல் வட்டத் தடுப்புகள். ஒவ்வொன்றிலும் கறுப்புப் பிசுக்கோடு ஒட்டிய, பழுப்பு நிறத்தில் பளபளக்கும் தட்டை விதை. அந்தப் பளபளப்புதான் தடை. தோல் நீரை உள்ளே விடாது. அப்படியே மண்ணில் போட்டால் இன்று ஒன்று, மூன்று மாதம் கழித்து ஒன்று என்று முளைக்கும், பல முளைக்காமலே கிடக்கும். பிசுக்கைக் கழுவி, விதையின் கூரான முனையை விட்டுவிட்டு, எதிர்ப்பக்க ஓரத்தில் நகவெட்டியால் ஒரு நறுக்கு. உள்ளே வெளிர்நிறம் தெரிந்தால் போதும், அதற்கு மேல் ஆழம் வேண்டாம். கூர்முனைப் பக்கம்தான் கரு இருக்கிறது, அங்கே நறுக்கினால் போச்சு. நகவெட்டி இல்லையென்றால் சொரசொரப்பான சிமெண்டுத் தரையில் பளபளப்புப் போகும்வரை தேய்க்கலாம். பிறகு ஓர் இரவு நீரில் ஊற வைக்க வேண்டும். காலையில் பார்த்தால் நீர் ஏறியவை இருமடங்கு உப்பியிருக்கும். உப்பாதவற்றை எறிய வேண்டாம், மறுபடி நறுக்கி மறுபடி ஊற வையுங்கள். உப்பியவை ஒன்றிரண்டு வாரத்தில் தலைகாட்டும்.

குல்மோகர் விதைக்கும் இதே தடைதான். நிறைய விதை இருந்தால் ஒவ்வொன்றாய் நறுக்கிக்கொண்டிருக்க முடியாது. கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி, விதைமேல் ஊற்றி, அப்படியே ஆறவிட்டு ஓர் இரவு வைத்தால் போதும். அடுப்பில் வைத்து வேகவைத்துவிடாதீர்கள்.

புன்னைக்கு வேறு விதமான தடை. திருப்புகலூரில் தலமரமாக நிற்கும் மரம் இது. உப்பையும் கடற்காற்றையும் தாங்கும். கடலோர வீட்டுக்கு இதைவிட நல்ல நிழல் மரம் சொல்வது கடினம். வௌவால் சதையைத் தின்று போட்ட கொட்டைகள் மரத்தடியில் கிடக்கும். ஓடு கெட்டி. ஓட்டோடு விதைத்தால் முளைக்க ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும்; லேசாகத் தட்டி விரிசல் விட்டால் ஐந்தாறு வாரம்; ஓட்டை முழுதும் எடுத்துப் பருப்பை மட்டும் ஊன்றினால் மூன்று வாரம். தட்டும்போது பருப்பில் அடிபட்டால் அழுகும். கொட்டையைத் துணியில் சுற்றி, அம்மிக் குழவியால் மெல்ல ஒரு தட்டு தட்டி, ஓட்டைக் கையால் பிரிப்பது பாதுகாப்பு.

மகிழத்தில் அவ்வளவு வேலை இல்லை. திருக்கண்ணங்குடியின் ‘காயா மகிழ்’ பழமொழியாகவே வழங்குகிறது; மற்ற ஊர் மகிழங்கள் தாராளமாகக் காய்க்கும். ஆரஞ்சு நிறத்தில் பழுத்து விழுந்ததை எடுத்துச் சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, அந்த மாதமே ஊன்றிவிடுங்கள். முளைக்க ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம். வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும், பூவுக்கு ஏழெட்டு ஆண்டு என்பது சாதாரணம்.

மூன்றாவது வகை, காத்திருக்காத விதைகள். அசோகம், நெட்டிலிங்கம், செண்பகம் ஆகியவற்றின் விதை உலர்ந்தால் உயிர் போய்விடும். தபாலில் வாங்கும் செண்பக விதை வீண்செலவு. விழுந்த வாரத்திலேயே சிவப்புச் சதையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி விதைத்தால்தான் உண்டு.

விதைப் பைக்கு வண்டல் அல்லது செம்மண் 2 பங்கு, கழுவிய மணல் 1 பங்கு, நன்கு மக்கிய தொழுவுரம் 1 பங்கு. எம்-சாண்டாக இருந்தால் மாவுத்தூள் போகும்வரை அலசுங்கள், இல்லாவிட்டால் பையில் சிமெண்டு போல இறுகும். வயல் களிமண்ணை மட்டும் அள்ளிப் போடாதீர்கள், வெயிலில் வெடித்து இளவேரை அறுத்துவிடும். விதையின் பருமனைப் போல் இருமடங்கு ஆழம் போதும். முளைத்த நாற்று அடித்தண்டு மெலிந்து சாய்ந்தால் அது நாற்றழுகல். மாலையில் ஊற்றும் நீரும் காற்றில்லாத நெருக்கமும்தான் அதற்கு வழிவிடுகின்றன. காலையில் மட்டும் நீர் விடுங்கள். விதைக்கும்போதே மண்கலவையில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற, அழுகலைத் தடுக்கும் நன்மைப் பூஞ்சையைச் சிறிது கலப்பது நல்லது. ஐப்பசி மழையில் நத்தை ஒரே இரவில் ஒரு வரிசையை மொட்டையடிக்கும். இருட்டியபின் விளக்கோடு போய்ப் பொறுக்கி எடுப்பதுதான் கைகண்ட வழி.

விதைக் கன்றின் ஆணிவேரைப் பலரும் கைதவறி இழப்பது பையில்தான். 6க்கு 9 அங்குலப் பையில் எட்டு மாதத்துக்கு மேல் விட்டால் வேர் அடியில் முட்டி வளையம் போடும். வளைந்தது பிறகு நிமிராது. ஆணிவேருக்காக விதை போட்டு, அதைப் பையில் சுருள விடுவதில் அர்த்தமில்லை. கொன்றை விதையை மாசி, பங்குனியில் போட்டால் புரட்டாசியில் நடும் பதத்துக்கு வந்துவிடும். விதைக்கும் மாதத்தை நடவு மாதத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். இடம் முன்பே முடிவாகிவிட்டதென்றால் பையே வேண்டாம். உப்பிய விதைகள் மூன்றை அந்தக் குழியிலேயே ஊன்றி, நல்லதை விட்டு மற்றதை எடுத்துவிடலாம்.

## குச்சியும் போத்தும்: வாய்க்கால் கரையின் பழைய வழி

பூவரசு, கிளுவை, ஒதியம், கல்யாண முருங்கை ஆகியவற்றைப் போத்தாக ஊன்றும் வழக்கம் இங்கே பழையது. வேலிக்கும் தழைக்கும் மாட்டு நிழலுக்கும் வைத்தார்கள். பூவரசம் போத்து வாசல் மரமாகவும் நன்றாக வரும். மஞ்சளாய் மலர்ந்து மாலைக்குள் சிவந்து உதிரும் பூவுக்காகவே அதை வைக்கலாம்.

மணிக்கட்டுப் பருமனில் 5, 6 அடி நீளக் கிளை. அடியைச் சாய்வாகவும் நுனியை நேராகவும் வெட்டுங்கள். எது அடி எது நுனி என்ற குழப்பம் வராது. நுனி வெட்டுவாயில் பச்சைச் சாண உருண்டையை வைத்து அமுக்கிவிட வேண்டும். சாணம் காய்ந்து மூடியாகி, உள்ளிருக்கும் ஈரம் போகாமலும் மழைநீர் இறங்காமலும் காக்கும். கடப்பாறையால் ஒன்றரை முதல் இரண்டு அடிக்குக் குழி போட்டுப் போத்தை இறக்கி, சுற்றி மண்ணைக் கிட்டியுங்கள். போத்தின் தலையில் அடித்து இறக்கக் கூடாது. அடிப்பட்டை நசுங்கினால் வேர் வரவேண்டிய இடமே அழுகும். வாய்க்காலில் தண்ணீர் வந்து ஈரம் ஏறும் ஆனி, ஆடி இதற்கு ஏற்ற காலம். மேட்டூர் அணைத் திறப்பு வழக்கப்படி ஜூன் 12. தள்ளிப்போனால் போத்து வெட்டுவதையும் தள்ளிப்போடுங்கள்.

இரண்டு மூன்று வாரத்தில் தளிர் வரும். அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். தளிர் வருவது தண்டில் மிச்சமிருக்கும் சாரத்தில், வேர் இன்னும் வந்திருக்காது. இந்த நேரத்தில் ஆட்டிப் பார்ப்பதும், இலை வந்துவிட்டதே என்று நீரை நிறுத்துவதும்தான் போத்துகள் காய்வதற்குக் காரணம். இரண்டு மாதம் தாண்டியும் இலை வாடாமல் இருந்தால் வேர் பிடித்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஈழத்து அலரிக்கு இதன் நேர்மாறான கவனிப்பு. 12 முதல் 18 அங்குலக் கிளையை மாசிக்கும் சித்திரைக்கும் இடையே வெட்டி, இலைகளைக் கிள்ளி, பால் வடிந்து வெட்டுவாய் தோல்போல் காயும்வரை ஒன்றிரண்டு வாரம் நிழலில் சாய்த்து வைக்க வேண்டும். பிறகு பாதிக்கு மேல் மணல் கலந்த மண்ணில் ஊன்றி, வேர் வரும்வரை அளந்து நீர். வெட்டிய கையோடு ஊன்றினாலும், ஐப்பசியில் ஊன்றினாலும் அடி கறுத்துக் கூழாகிவிடும். அமுக்கினால் மெத்தென்று இருந்தால் அழுகல் ஏறிவிட்டது. வெளிறிய திசு தெரியும்வரை மேலே வெட்டி மறுபடி காயவைத்து ஊன்றலாம்.

மற்றப் பூமரங்களின் பென்சில் பருமக் குச்சிக்கு 6 முதல் 8 அங்குல நீளம், மூன்று நான்கு கணு, கீழ்வெட்டு கணுவுக்கு ஒட்டிக் கீழே. மேலே இரண்டு இலை, அவையும் பாதியாக நறுக்கியது. அடியை நனைத்து, வேர் வரத் தூண்டும் ஐ.பி.ஏ. வேர்த்தூளில் தொட்டு, மணலும் தேங்காய் நார்க்கழிவும் சமமாகக் கலந்ததில் இரண்டு அங்குலம் ஊன்றி, அடிவெட்டிய தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து மூடி, நிழலில் ஆறு முதல் எட்டு வாரம். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் நார்க்கழிவு சுலபமாகக் கிடைக்கும், ஆனால் அதில் உப்பு இருக்கும். மூன்று நான்கு முறை நல்ல நீரில் ஊறவைத்துப் பிழிந்தபிறகே பயன்படுத்துங்கள். குச்சிகள் காரணமின்றிக் கருகுவதாகத் தோன்றினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். சரக்கொன்றையைக் குச்சியில் முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம்.

மரமல்லிக்குத் தனிக் கணக்கு. நம் பக்கத்தில் அது காய்ப்பதே அபூர்வம். விதைக்காக அலைய வேண்டாம். அடிமரத்தைச் சுற்றி வேரிலிருந்து தானே கிளம்பும் கன்றுகளே வழி. ஒன்றரை அடிக் கன்றாகப் பார்த்து, தாய்மரத்துப் பக்கம் இருக்கும் வேரை மண்வெட்டியால் ஒரே வெட்டில் துண்டித்து, கன்றை அங்கேயே ஒரு மாதம் விடுங்கள். தன் காலில் நிற்கப் பழகியபின் மண்கட்டியோடு பெயர்த்தால் வாடாது. ஆனால் மரமல்லியின் கட்டை எளிதில் முறியும், வேரும் மேலோட்டம். மணத்துக்காக எவ்வளவு ஆசையிருந்தாலும் கூரைமேலோ மின்கம்பிக்குக் கீழோ அதை வைக்காதீர்கள். குல்மோகருக்கும் இதே எச்சரிக்கை.

## விண்பதியன்: கைப்பழக்கம் கேட்கும், ஏமாற்றம் குறைவு

குச்சி வேர்விடும்வரை பட்டினி கிடக்கிறது. பதியன் கிளைக்குத் தாய்மரம் சோறு போட்டுக்கொண்டே இருக்கிறது. குச்சியில் வராத செண்பகம் பதியனில் வருவது அதனால்தான். கருஞ்சிவப்பு ஊதாவில் மாதக்கணக்காய்ப் பூத்துக்கொண்டே இருந்து, காயே பிடிக்காத மந்தாரை ஒன்று உண்டு. அதற்கு விதை வழியே இல்லை; பதியனோ ஒட்டோதான்.

ஆடி, ஆவணியில் வெயில் படும் பக்கத்தில் விரல் பருமக் கிளையைத் தேர்ந்து, ஓர் அங்குலத்துக்கு மேல் அகலமாகப் பட்டையை வளையமாக உரித்தெடுங்கள். உரித்த இடம் விரலுக்கு வழவழப்பாக இருக்கும். அந்த வழவழப்பைக் கத்தியின் முதுகால் சொரசொரப்பாகும்வரை சுரண்டிவிட வேண்டும். இதைச் சுரண்டாமல் விட்டதால்தான் பெரும்பாலான பதியன்கள் வீணாகின்றன; மேல்பட்டையும் கீழ்ப்பட்டையும் மறுபடி கூடிவிடும், மரம் ஆற்றிக்கொள்ளும், வேர் வராது. வளையத்தின் மேல் விளிம்பில் வேர்த்தூள் தடவுங்கள், வேர் வருவது அங்கேதான். ஈரத்தைப் பிடித்துவைக்கும் ஸ்பேக்னம் பாசியை ஊறவைத்தோ நார்க்கழிவை அலசியோ எடுத்து, சொட்டு நீர் வராத அளவுக்குப் பிழிந்து, ஒரு எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றுப் பெரிதாகச் சுற்றி, தெளிந்த பாலித்தீனால் இறுக்கிக் கட்ட வேண்டும். மடிப்பு ஓடு வேய்ந்தது போல் கீழ்நோக்கி இருக்கட்டும், இல்லையென்றால் மழைநீர் இறங்கி உள்ளே அழுகும். அதன் மேல் பழந்துணி. வெயிலும் தடுக்கும், அணிலும் கிழிக்காது.

45 முதல் 75 நாளில் பாலித்தீன் வழியே வெள்ளை வேர் தெரியும். முதல் வேர் தெரிந்த அன்றே வெட்டாதீர்கள். வேர் கிளைத்துப் பழுப்பேறத் தொடங்கியபின் கட்டுக்குக் கீழே வெட்டி, பாதி இலையைக் கழித்து, பையில் ஊன்றி மூன்று நான்கு வாரம் நிழலில் வையுங்கள். இறக்கிய முதல் வாரத்தில் நேராக வெயிலில் வைத்துக் கன்றை இழப்பவர்கள் நிறைய.

தாய்மரம் பிறருடையதென்றால் ஒரு கிளை போகும் என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும். கோயில் மரத்தில் அனுமதி இல்லாமல் கத்தி வைக்கக் கூடாது. ஒரு மரத்தில் ஒரே பருவத்தில் ஒன்றிரண்டுக்கு மேல் கட்ட வேண்டாம்.

## ஒட்டும் வாங்கிய கன்றும்

செண்பகத்துக்கு மட்டும் காசு கொடுத்து ஒட்டுக்கன்று வாங்குவது நியாயம். விதையில் எட்டு ஆண்டு ஆவது ஒட்டில் இரண்டாம் மூன்றாம் ஆண்டே பூக்கும், மரமும் விதை மரத்தைவிடக் குட்டையாக அடங்கும். ஒட்டு மூட்டு மண்ணுக்கு மேலே தெரிய நட வேண்டும். மூட்டுக்குக் கீழே கிளம்பும் எந்தத் தளிரையும் உடனே கிள்ளாவிட்டால் அடிச்செடி வளர்ந்து மேலேயுள்ளதை அமுக்கிவிடும். கட்டிய பாலித்தீன் நாடா கழுத்தை நெரிக்கிறதா என்றும் பாருங்கள்.

வேறு கன்று வாங்கும்போது உயரத்தைப் பார்க்காதீர்கள். சின்னப் பையில் நிற்கும் ஐந்தடிக் கன்றைவிட, அதே பையில் நிற்கும் இரண்டடிக் கன்று நல்லது. பையின் அடியைப் பாருங்கள்; வேர் வெளியேறி நிலத்தில் இறங்கியிருந்தால் அதை அறுத்துத்தான் எடுத்துத் தருவார்கள். வாங்கிவிட்ட கன்றில் சுருள்வேர் இருந்தால், நடும்போது அடியில் முக்கால் அங்குலத்தை வட்டமாகச் சீவி எடுத்து, பக்கங்களில் நான்கு இடத்தில் பிளேடால் மேலிருந்து கீழாகக் கீறிவிடுங்கள். கை கூசும்தான். கீறாமல் நட்டால் அந்த வளையம் தடித்து மரத்தின் கழுத்தையே இறுக்கும். பத்து ஆண்டு கழித்து ஒரு காற்றில் மரம் வேரோடு பெயரும்போதுதான் அது தெரியவரும்.

## எந்த வீட்டுக்கு எது

பத்தடி முற்றத்துக்குப் பெரிய மரம் எதுவும் வேண்டாம். ஈழத்து அலரிக் குச்சியோ ஒட்டுச் செண்பகமோ பதியன் மந்தாரையோ போதும். ஆணிவேர் இல்லாதது இந்த உயரத்தில் ஆபத்தில்லை.

களமோ கொல்லையோ பெரிதாக இருந்து, வீட்டிலிருந்து 20 அடி தள்ளி வைக்க முடிந்தால் சரக்கொன்றை, மகிழம் இரண்டையும் விதையில் தொடங்குங்கள். கடலோரம் புன்னை விதை, பூவரசம் போத்து. மழையில் நீர் தேங்கும் தாழ்ந்த மனைக்குப் பூவரசும் பூமருதும் தாங்கும். செண்பகமும் கொன்றையும் தாங்காது, ஆசைப்பட்டால் இரண்டடி மேடு கட்டி அதன்மேல் வைக்க வேண்டும். வீட்டுத் திருமணத்துக்கோ கிரகப்பிரவேசத்துக்கோ அடுத்த ஆண்டே பூ வேண்டும் என்பவருக்கு விதை உதவாது.

மேட்டு நிலத்தில் புரட்டாசியில் நடலாம், மழை பார்த்துக்கொள்ளும். தாழ்வில் தை வரை காத்திருந்து நட்டு, கோடையில் வாரம் இரண்டு முறை ஆழமாக நீர் விடுங்கள். எந்த வழியில் வந்த கன்றானாலும் முதல் இரண்டு ஆண்டு ஆட்டுக்கு எட்டாமல் முள்ளடைக்க வேண்டும். பதியன், குச்சிக் கன்றுகளுக்கு இரண்டு பக்கமும் மூங்கில் ஊன்றி, எட்டு வடிவில் தளர்வாகச் சாக்குக் கயிறு. தண்டு சற்றே ஆடினால்தான் பக்கவேர் தடிக்கும். இறுக்கிக் கட்டினால் மூங்கில்தான் நிற்கும், மரம் நிற்கப் பழகாது. அடுத்த ஆண்டு ஆடிக் காற்று அடங்கியதும் கயிற்றை அவிழ்த்து, கன்றை லேசாகத் தள்ளிப் பாருங்கள். அடிமண் விரிசல் விட்டால் இன்னொரு மழைக்காலத்துக்கு மூங்கில் இருக்கட்டும்.